ஷங்காய்: ஆடுகளமும் ஆட்சிக்களமும்

1935 ஆம் ஆண்டில் ஷங்காய் நகரின் சர்வதேசக் குடியிருப்பிலே குடிசனக் கணக்கு எடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த சீனர் 1,120,860 பேர். பிறநாட்டவர் 38,915 பேர். நூற்றுக்கு நால்வருக்கும் குறைந்த தொகையினரான இப்பிறநாட்டவரே நகரசபையைத் தம் கையில் வைத்திருந்தனர், வரி விதித்தனர், பொலிஸ் படையை ஏவினர். வந்தவன் நடுவீட்டிலும் வீட்டுக்காரன் திண்ணையிலும் இருந்த இந்நிலை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீடித்தது.

பீரங்கியைக் காட்டி ஒரு துறைமுகத்தைத் திறக்கலாம். பீரங்கியை மட்டும் நம்பி அங்கே நூறாண்டு குடியிருக்க முடியாது. அதற்கு ஒரு வாழ்க்கை முறை வேண்டும். தான் ஆளப் பிறந்தவன் என்பதை ஆளுகிறவன் நாள்தோறும் தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ளச் சில இடங்கள் வேண்டும். ஷங்காயில் கழகமும் பூங்காவும் பந்தயத் திடலும் உதைபந்தாட்ட மைதானமும் அவ்விடங்களாக அமைந்தன. எனவே, அந்நகரில் யார் யாரோடு விளையாடினர், யார் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்று கேட்பது வெறும் பொழுதுபோக்கு விசாரணையன்று. அரசியல் வரலாற்றின் ஒரு பகுதியேயாகும்.

முதலில் அக்குடியிருப்பு தோன்றிய விதத்தை நோக்குவோம். இந்திய மண்ணில் விளைவித்த அபினியைச் சீனத்தில் விற்கும் உரிமைக்காகப் பிரித்தானியா நடத்திய போர், 1842 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நான்கிங் ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன்படி ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான ஷங்காய் 1843 நவம்பரில் பிறநாட்டு வணிகத்துக்கு வழிவிட்டது. தொடர்ந்து செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் பிறநாட்டவரைச் சீனச் சட்டத்தின் எல்லையிலிருந்து விடுவித்தன. ஷங்காயில் குற்றமிழைத்த ஆங்கிலேயனை ஆங்கில நீதிபதியே விசாரிப்பான். 1854 இல் நகரசபை அமைந்தது. 1863 இல் பிரித்தானியப் பகுதியும் அமெரிக்கப் பகுதியும் ஒன்றாயின. பிரெஞ்சுக்காரர் தமது பகுதியைத் தனியே வைத்துக்கொண்டனர். சபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தை அளவுகோலாகக் கொண்டது. சீனருக்கு அவ்வுரிமை அறவே இல்லை. சொத்தில்லாத வெள்ளையனுக்கும் இல்லை. ஷங்காயை ஆண்டது ஓர் இனம் என்பதைவிட, அவ்வினத்துள் ஒரு வர்க்கம் என்பதே பொருந்தும்.

இவ்வர்க்கம் குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளேயே குதிரைப் பந்தயக் கழகத்தை நிறுவிக்கொண்டது. நகர நிலத்தின் விலை ஏற ஏறப் பந்தயத் திடல் மேற்கே நகர்ந்தது; 1860களின் தொடக்கத்தில் நாங்கிங் வீதியின் மேற்கு முனையில் நிலைகொண்டது. அத்திடலின் நடுப்பகுதியில் கிறிக்கெற் ஆடப்பட்டது. தொண்டர் படையும் அங்கே அணிவகுத்தது. ஒரே புல்வெளியில் விளையாட்டும் படைப்பயிற்சியும் நடந்தமை தற்செயலன்று. சனிக்கிழமை பந்தை அடித்த எழுதுவினைஞனே கலகக் காலத்தில் துப்பாக்கி ஏந்தும் தொண்டனாகவும் இருந்தான்.

கீழைக் கடலிலிருந்த பிரித்தானியத் துறைமுகச் சமூகங்களையும் விளையாட்டே ஒன்றாகப் பிணைத்தது. ஹொங்கொங்கும் ஷங்காயும் 1866 முதல் கிறிக்கெற்றில் மோதின. 1892 ஒக்டோபரில் ஷங்காயில் ஆடிவிட்டுத் திரும்பிய ஹொங்கொங் குழுவினர் பயணஞ்செய்த 'பொக்காரா' என்ற கப்பல் புயலில் சிக்கிப் பெஸ்கடோர்ஸ் தீவுகளருகே மூழ்கியது. 125 பேர் மாண்டனர். கப்பலிலிருந்த 13 ஆட்டக்காரருள் இருவரே உயிர்தப்பினர். இத்துயரத்தின் பின்னரும் துறைமுகங்களுக்கிடையிலான போட்டி கைவிடப்படவில்லை. அது வெறும் ஆட்டமாக இருந்திருந்தால் கைவிடப்பட்டிருக்கலாம். தொலைவில் சிதறிக் கிடந்த சிறு கூட்டங்கள் தாம் ஒரே பேரரசின் உறுப்புகள் என உணர்வதற்கு அது தேவைப்பட்டது.

உதைபந்தாட்டத்தின் கதை சிறிது வேறானது. குதிரை வளர்க்கப் பணம் வேண்டும். பந்தை உதைக்கக் கால் போதும். ஆகவே பெரிய வணிக நிறுவனங்களின் தலைவர்களிலும் பார்க்க, வங்கி எழுதுவினைஞரும் சுங்கப் பகுதியினரும் பொலிஸ்காரரும் முகாமிட்ட படைவீரருமே உதைபந்தாட்டத்தை நடத்தினர். கூலிக்கன்றி விருப்பத்துக்காக ஆடுவோரின் ஆட்டம் என்று அதற்குப் பெயர். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரின் பின், வேலை தேடி அலைந்த ஆங்கிலேய வாலிபர் பலர் ஷங்காய்ப் பொலிஸ் படையிற் சேர்ந்தனர். தாய்நாட்டில் தொழிலாளியின் மகன்; இங்கே ஏவலாள் வைத்திருக்கும் துரை. ஆயினும், ஆற்றங்கரைப் பெருவீதியிலிருந்த ஷங்காய்க் கழகத்தின் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. நூறு அடிக்கு மேல் நீண்ட அதன் மதுபான மேடையிலே யார் எந்த முனையில் நிற்பது என்பதும் பதவியைக் கொண்டே முடிவாயிற்று. மேலே ஏற முடியாத அவ்விளைஞனுக்கு மிஞ்சிய ஆறுதல், தனக்குக் கீழே ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது என்பதுதான். அந்த ஆறுதலை விலையாகக் கொடுத்தே ஏகாதிபத்தியம் அவனைத் தன் பக்கம் வைத்துக்கொண்டது.

சீனர் எங்கே இருந்தனர்? அவர்கள் புல்லை வெட்டினர், குதிரையைத் தேய்த்தனர், சமைத்தனர், குழந்தையைத் தூக்கினர். பந்தயக் கழகத்துக்கு அவர்களுடைய பணம் வேண்டியிருந்தது. ஆகவே பந்தயச் சீட்டை அவர்களுக்கு விற்றது. உறுப்புரிமையை மட்டும் கொடுக்க மறுத்தது. 1868 இல் ஆற்றோரத்தில் திறக்கப்பட்ட பொதுப்பூங்காவில் ஏவலாளராக வருவோர் தவிர்ந்த சீனர் நுழையக்கூடாது. "சீனருக்கும் நாய்களுக்கும் அனுமதியில்லை" என்று அங்கே பலகை தொங்கியதாகப் பலரும் எழுதியுள்ளனர். அந்தச் சொற்களோடு பலகை இருந்ததற்குச் சான்றில்லை என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். பூங்கா பிறநாட்டவருக்கு உரியது என்பது ஒரு விதி. நாய் வரலாகாது என்பது அதே பட்டியலில் இன்னொரு விதி. மக்கள் நினைவு இரண்டையும் ஒரு வரியாக்கிற்று. பலகையின் சொற்கள் மாறினும் வேலி பொய்யன்று.

இந்த வேலியை முதலில் கால்களால் தாண்டியவர் மாணவர். செயின்ட் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நான்யாங் கல்லூரிக்கும் இடையிலான உதைபந்தாட்டம் 1902 முதல் ஆண்டுதோறும் பெருந்திரளான மக்களை ஈர்த்தது. 1915 இல் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகள் ஷங்காயில் நடந்தபோது சீனக் குழு உதைபந்தாட்டத்தில் முதலிடம் பெற்றது. அதுவரை விளையாட்டு நிருவாகத்திலே கிறித்துவ வாலிபர் சங்கத்தின் அமெரிக்கர் ஓங்கியிருந்தனர். 1924 இல் சீனர் தமக்கென ஒரு தேசிய விளையாட்டுச் சம்மேளனத்தை அமைத்தனர்.

ஹொங்கொங்கில் 1905 இல் பிறந்த லி ஹுய்தாங் என்ற ஆட்டக்காரர் 1920களின் நடுவில் ஷங்காய்க்கு வந்து லெஹ்வா என்னும் சீனக் குழுவில் ஆடினார். நாடகம் பார்ப்பதானால் மெய் லான்பாங்கைப் பார்க்கவேண்டும், பந்தாட்டம் பார்ப்பதானால் லி ஹுய்தாங்கைப் பார்க்கவேண்டும் என மக்கள் பேசிக்கொண்டனர். 1926 இல் அக்குழு, வெள்ளையரின் ஸ்கொட்டோக் கிண்ணத்தைப் பன்முறை வென்றிருந்த பிரித்தானியக் குழுவொன்றை 4–1 எனத் தோற்கடித்தது. அவ்வெற்றியின் பொருளை இலக்கங்களில் மட்டும் காணலாகாது. நீதிமன்றத்தில் ஆளுக்கொரு சட்டம். நகரசபையில் ஒருவனுக்கு வாக்கு, மற்றவனுக்கு வரி. ஆடுகளத்தில் மட்டும் இரு பக்கமும் பதினொருவர். இரு பக்கத்துக்கும் ஒரே விதி. விதி ஒன்றானபோது வெள்ளையனும் தோற்கக்கூடியவனே என்பதை ஆயிரக்கணக்கானோர் கண்ணாரக் கண்டனர்.

எனினும், கோல் அடித்து எவரும் நகரசபையை வென்றதில்லை. அதற்கு வேறொரு களம் தேவைப்பட்டது. ஷங்காயின் பஞ்சாலைகளிலே ஆறு வயதுக் குழந்தைகளும் வேலைசெய்ததை நகரசபையே நியமித்த ஆணைக்குழு 1924 இல் அறிவித்தது. பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்ற மிகச் சிறிய சீர்திருத்தத்தை நிறைவேற்ற 1925 ஏப்ரிலில் வரி செலுத்துவோர் கூட்டம் அழைக்கப்பட்டது. போதிய தொகையினர் வரவில்லை. ஜூனில் மீண்டும் அழைக்கப்பட்டது, அப்போதும் வரவில்லை. பந்தய வாரத்தில் வங்கிகளையும் பணிமனைகளையும் பூட்டிவிட்டுத் திடலை நிறைத்த கனவான்களுக்கு, குழந்தைகளுக்காக ஒருமுறை கையுயர்த்த நேரம் கிடைக்கவில்லை. அதே நிகழ்ச்சிநிரலிலே பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் விதியும் துறைமுக வரியை உயர்த்தும் விதியும் இருந்தன; அவற்றைச் சீன வணிகரும் மாணவரும் கடுமையாக எதிர்த்தனர்.

அவ்விரு கூட்டங்களுக்கும் இடையிலேதான் துப்பாக்கி வெடித்தது. மே 15 ஆம் திகதி யப்பானியருக்குச் சொந்தமான பஞ்சாலை ஒன்றில் கு செங்ஹொங் என்ற தொழிலாளி சுடப்பட்டார்; அக்காயத்தால் அவர் மாண்டார். மே 30, சனிக்கிழமை. மாணவர் நாங்கிங் வீதியிலே கூடினர். கைது செய்யப்பட்டோரை விடுவிக்குமாறு கோரிக் கூட்டம் லாவ்ஸா பொலிஸ் நிலையத்தை நெருங்கியபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சுடுமாறு ஆணையிட்டார். சுட்டவர்கள் சீக்கியரும் சீனருமான பொலிஸ்காரர். 44 தோட்டாக்கள் பாய்ந்தன. மாண்டோர் பதின்மூவர் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. சில நாட்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர், கடைகள் மூடப்பட்டன, ஏவலாளரும் துரைமாரின் வீடுகளை விட்டு வெளியேறினர். இயக்கம் கன்டனுக்கும் ஹொங்கொங்குக்கும் பரவிற்று. அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் 1926 ஒக்டோபர் வரை நீடித்தது.

அந்தத் துப்பாக்கிகளைப் பிடித்திருந்த கைகளைப் பற்றி நாம் சிந்திக்காமல் இருத்தல் தகாது. 1880களின் நடுப்பகுதி முதல் பஞ்சாபிலிருந்து சீக்கியரை வரவழைத்து ஷங்காய்ப் பொலிஸ் படையிற் சேர்த்தனர். ஆங்கிலேயனுக்குக் கொடுப்பதிலும் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும்; மக்களின் வெறுப்போ முன்னே நிற்கும் தலைப்பாகையின்மேல் விழும். சிவப்புத் தலைப்பாகைக்காரன் என்ற ஏளனப் பெயர் இன்றும் ஷங்காய் மொழியில் எஞ்சியுள்ளது. அடிமைப்பட்ட ஒரு நாட்டின் விவசாயி மகன் அடிமைப்படுத்தப்பட்ட இன்னொரு நாட்டின் மாணவனைச் சுடுகின்றான், ஆதாயம் மூன்றாமவனுக்கு. இதனை உணர்ந்த இந்தியரும் ஷங்காயில் இருந்தனர். கதர் இயக்கத்தின் கருத்துக்கள் சீக்கியரிடையே பரவின. பிரித்தானியருக்கு நெருங்கியவராயிருந்த புத்தா சிங் என்ற சீக்கியப் பொலிஸ் அதிகாரி 1927 ஏப்ரிலில் ஓர் இந்தியரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஷங்காயைக் காக்கவெனப் பிரித்தானியா அனுப்பிய படையிலே இந்தியப் படையினரும் இருந்தனர். பிரசெல்ஸ் நகரில் 1927 பெப்ரவரியில் கூடிய ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் இந்தியப் படை சீனத்துக்கு அனுப்பப்படுவதை ஜவாஹர்லால் நேரு கண்டித்தார். சீனப் பிரதிநிதிகளோடு சேர்ந்து கூட்டறிக்கையும் வெளியிட்டார்.

இனி, போராட்டத்தின் பயனைப் பார்ப்போம். 1928 இல் பூங்கா சீனருக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நகரசபையில் மூன்று இடங்களும், 1930 இல் ஐந்து இடங்களும் சீனருக்குக் கிடைத்தன. ஆனால் அவ்விடங்களில் அமர்ந்தோர் வங்கியாளரும் பெருவணிகருமே. வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்த தொழிலாளிக்கு 1927 ஏப்ரில் 12 ஆம் திகதி கிடைத்தது சியாங் காய்-சேக்கின் தோட்டா. அவ்வழிப்பைப் பிறநாட்டு வணிகர் மகிழ்ச்சியோடு வரவேற்றனர். தேசத்தின் பெயரால் வென்றெடுத்த கதவு, வர்க்கத்தின் பெயரால் மறுபடியும் பாதி மூடப்பட்டது.

வந்தேறிகள் அனைவரும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கவரல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். புரட்சியின் பின் ஓடிவந்த ருஷ்யர் நாடிழந்தவராய், ஒப்பந்தச் சலுகையற்றவராய் வாயிற்காவலராகவும் நடனப் பெண்களாகவும் பிழைத்தனர். ஹிட்லரிடமிருந்து தப்பிய ஏறத்தாழ 18,000 யூதர் 1938 முதல் ஷங்காயில் அடைக்கலம் பெற்றனர். 1943 பெப்ரவரியில் யப்பானியர் அவர்களை ஹொங்கியூப் பகுதிக்குள் ஒடுக்கினர். நெருக்கமான அறைகளிலே அரை வயிற்றோடு வாழ்ந்த அவ்வகதிகளும் உதைபந்தாட்டக் குழுக்கள் அமைத்துத் தமக்குள் லீக் நடத்தினர். பந்தயத் திடலின் சீமான் தன் உயர்வைக் காட்ட ஆடினான். ஹொங்கியூவின் அகதி தான் இன்னும் மனிதன் என்பதைக் காட்ட ஆடினான். பந்து ஒன்றே, ஆட்டத்தின் பொருள் ஒன்றன்று.

1941 டிசம்பர் 8 ஆம் திகதி யப்பானியர் குடியிருப்பைக் கைப்பற்றினர். 1943 சனவரியில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் தமது ஒப்பந்தச் சலுகைகளைக் கைவிட்டுக் கையொப்பமிட்டன. பழைய துரைமார் பலர் அவ்வாண்டு யப்பானியரின் தடுப்பு முகாம்களில் வரிசையில் நின்று சோறு வாங்கினர். 1949 மே 27 ஆம் திகதி மக்கள் விடுதலைப் படை நகரைத் தன்வசமாக்கியது. பந்தயத் திடல் மக்கள் பூங்காவும் மக்கள் சதுக்கமும் ஆயிற்று. 1934 இல் எழுந்த பந்தயக் கழகக் கட்டடம் இன்று ஷங்காயின் வரலாற்று அருங்காட்சியகமாக நிற்கின்றது.

வேலி எவ்வாறு எழுகிறது, எவ்வாறு விழுகிறது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆடுகளம் மக்களுக்கு ஒரு நியாயத்தைக் கற்பித்தது: இரு பக்கத்துக்கும் ஒரே விதி. அந்நியாயத்தை வீதிக்கும் ஆலைக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுசென்றவர்கள் மாணவரும் தொழிலாளரும். அப்பணி எங்கும் முற்றுப்பெற்றுவிடவில்லை. அதே ஷங்காயில் வானளாவிய கட்டடங்களை எழுப்பிய கிராமத்துத் தொழிலாளர் பலர், அந்நகரின் குடிப்பதிவின்றித் தம் பிள்ளைகளின் கல்விக்கு இடர்ப்பட்டு வந்துள்ளனர். வேலியைப் பிறநாட்டான் கட்டினாலென்ன, உள்நாட்டான் கட்டினாலென்ன, வெளியே நிற்பவனுக்கு அது வேலியே. ஒரு நகரத்தின் பெருமையை அதன் மாளிகைகளின் உயரத்தைக் கொண்டு அளப்பது எளிது; அதன் வாயிலில் யாரைத் தடுத்து நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பதே நேர்மையான அளவாகும்.