பூனை யாருக்குச் சொந்தம்? - போர் விமானப் படையணிச் சின்னங்களை இனங்காணல்

சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு கயல்களும் வில்லும் சேர்ந்தே காணப்படுகின்றன. கயலை மட்டும் கண்டு அதைப் பாண்டியர் செப்பேடு என்று ஒருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? வென்றவன் தோற்றவனின் சின்னத்தையும் தன் முத்திரையில் ஏற்றிக்கொண்டான் என்ற செய்தி, சாசனத்தின் வாசகத்தோடு சேர்த்துப் பார்த்தவர்க்கே விளங்கும். சின்னம் ஒன்று, அதற்கு உரியவர் வேறொருவர்.

இருபதாம் நூற்றாண்டுப் போர் விமானப் படையணிகளின் சின்னங்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. விமானிகள் தம் தோல் அங்கிகளின் மார்பில் தைத்துக்கொண்ட, உள்ளங்கை அளவேயான இச்சின்னங்களைச் சேகரிப்போர் 'பேட்ச்' என்பர். இன்று அவை அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும், இறந்துபோன வீரர்களின் பெட்டிகளிலும் கிடைக்கின்றன. ஒன்றைக் கையிலெடுத்ததும் நம் கண் முதலில் படத்தைத்தான் நாடுகிறது. இனங்காணும் வேலையில் பெரிதும் ஏமாற்றுவதும் அந்தப் படமே.

தொடக்கத்தில் இச்சின்னங்கள் துணியில் அல்ல, விமானத்தின் உடலில் தீட்டப்பட்டவை. 1916-ல் பிரெஞ்சுப் படையின்கீழ் அமெரிக்கத் தன்னார்வலர்களைக் கொண்டு அமைந்த 'லாஃபயெட் எஸ்கத்ரில்' அணி, அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் தலையைச் சின்னமாகக் கொண்டது. முதலில் வரைந்த செமினோல் இனத்தவர் தலை, ஒரு துப்பாக்கி நிறுவனத்தின் தோட்டாப் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து எழுதியது. பின்னர் அதை மாற்றிச் சூ இனத்தவர் தலையை வரைந்தனர். 1918 பிப்ரவரியில் அவ்வணியினர் அமெரிக்கப் படையின் 103-ஆம் ஏரோ ஸ்குவாட்ரனாக மாறியபோது தலையும் உடன் சென்றது. ஆக, 'பழங்குடியினர் தலை' என்ற ஒரே விவரணைக்குள் இரு ஓவியங்களும் இரு நாட்டுப் படைகளும் அடங்கிவிடுகின்றன.

இதைவிடச் சிக்கலானது ஃபீலிக்ஸ் பூனையின் கதை. 1919-ல் திரைக்கு வந்த இந்தக் கருப்புக் கேலிச்சித்திரப் பூனை, திரி பற்றவைத்த குண்டு ஒன்றை ஏந்தி ஓடும் கோலத்தில் அமெரிக்கக் கடற்படை விமானங்களில் இடம்பிடித்தது. 1942-ல் அதைத் தாங்கியிருந்த அணி வி.எஃப்.-3. அவ்வாண்டு பிப்ரவரி 20 அன்று, லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலை நோக்கி வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை எதிர்த்துப் பறந்து உயர் விருது பெற்ற எட்வர்ட் ஓ'ஹேர் இந்த அணியினரே. சிகாகோ விமான நிலையம் இன்று தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான்.

1943 ஜூலையில் கடற்படை நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. வி.எஃப்.-3, வி.எஃப்.-6 ஆகிய இரு அணிகளின் எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டது. பழைய மூன்று ஆறாயிற்று. பழைய ஆறு மூன்றாயிற்று. ஆட்கள் அவர்களேதாம், எண்கள்தாம் இடம் மாறின. இப்போது பூனை யாருக்குச் சொந்தம்? அதைச் சுமந்து போரிட்ட ஆட்களுக்கா, அதனோடு பிணைந்துவிட்ட 'மூன்று' என்ற எண்ணுக்கா? இரு தரப்பும் உரிமை கோரின. பூனையோடு ஆறாம் அணியான பழைய மூன்று, போர் முடிந்த 1945-ல் கலைக்கப்பட்டது. 1946-ல் வி.எஃப்.-3ஏ என்று பெயர் மாற்றம் பெற்ற மற்ற அணிக்கே பூனை அதிகாரபூர்வமாக வழங்கப்பட்டது. அதன் வழிவந்ததுதான் இன்றைய வி.எஃப்.ஏ.-31.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவின்மீது நடந்த பெருந்தாக்குதலில் இன்ட்ரெபிட் கப்பலிலிருந்து பறந்தது வி.எஃப்.-6. அவ்வணி வீரர் ஒருவரின் பூனைச் சின்னம் நம் கைக்கு வருகிறது என்று கொள்வோம். இன்றைய பட்டியலைப் புரட்டி, பூனை என்றால் 31-ஆம் அணியின் முன்னோர் என்று குறித்துவிட்டால், அவர் இருந்த கப்பலும் கண்ட போரும் அவரிடமிருந்து பறிபோய், அவர் கால்வைக்காத வேறொரு கப்பலில் அவர் பெயர் ஏறிவிடும். பிழை ஒரு துணித் துண்டோடு நிற்பதில்லை.

மண்டையோடும் குறுக்கெலும்புகளும் கொண்ட 'ஜாலி ரோஜர்ஸ்' சின்னமும் இவ்வாறே கைமாறியது. 1943-ல் வி.எஃப்.-17 அதை ஏற்றது. அவர்கள் ஓட்டிய விமானத்தின் பெயரான 'கோர்சேர்' என்பதற்குக் கடற்கொள்ளையன் என்று பொருள். பின்னாளில் வி.எஃப்.-61 எனப் பெயர் மாறிய அவ்வணி 1959-ல் கலைக்கப்பட்டதும், தொடர்பில்லாத வி.எஃப்.-84 மண்டையோட்டைக் கேட்டுப் பெற்றது. 1995-ல் அதுவும் கலைய, வி.எஃப்.-103 எடுத்துக்கொண்டது. வம்சம் அற்றுப் போனாலும் கொடி அறவில்லை.

படம் இவ்வளவு நாடோடியானால், காலத்தை எதைக்கொண்டு அறிவது? சுவடியின் காலத்தை ஓலையும் எழுத்தும் காட்டுவதுபோல், சின்னத்தின் காலத்தை அதன் பின்புறம் காட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை கம்பளித் துணியிலோ பருத்தித் துணியிலோ பூவேலை செய்தவை, அல்லது தோலின்மீது வண்ணம் தீட்டியவை. பூவேலைச் சின்னங்களின் ஓரம் பெரும்பாலும் வெட்டி விடப்பட்டிருக்கும். விளிம்பைச் சுற்றித் தடித்த கயிறுபோல் ஓடும் 'மெரோ' ஓரத் தையல் அமெரிக்கச் சின்னங்களில் பரவலானது 1960-களில்தான். 1943-ஆம் ஆண்டினது எனச் சொல்லப்படும் சின்னத்தில் அத்தையல் இருந்தால் ஐயுறுதல் முறை. புற ஊதா விளக்கின்கீழ் நூல் வெண்ணீலமாக ஒளிர்வதும் ஓர் அறிகுறி. வெண்மை கூட்டும் வேதிப்பொருள்களும் செயற்கை இழைகளும் போருக்குப் பின்னரே பெருகின. ஆனால் பழைய துணியைப் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். ஆகவே ஒளிர்வது சந்தேகத்துக்குக் காரணமாகலாம், தீர்ப்பாகாது. ஒளிராமையும் அவ்வாறே.

செய்த இடமும் சான்று சொல்லும். சீன-பர்மா-இந்தியப் போர்முனையில் இருந்த அமெரிக்கர்கள் பலர் நம் நாட்டுத் தையற்காரர்களையும் தோல் தொழிலாளரையும் நாடினர். பல நிறத் தோல் துண்டுகளை வெட்டி இணைத்தவையும், சரிகைக் கம்பியால் பூவேலை செய்தவையும் இவ்வாறு பிறந்தவை. ஆனால் சரிகைக் கம்பி வேலை இத்துணைக் கண்டத்தில் இன்றும் உயிரோடிருக்கும் தொழில். சியால்கோட் போன்ற ஊர்களில் அத்தகைய சின்னங்கள் இப்போதும் தயாராகின்றன. எனவே வேலைப்பாடு அசல் மரபைச் சேர்ந்தது என்பதாலேயே பொருள் பழையதாகிவிடாது.

பிரிட்டிஷ் வான்படைச் சின்னங்களுக்கு மகுடம் ஒரு காலக்குறி. 1936 முதல் மன்னரின் ஒப்புதலோடு வழங்கப்பட்ட இச்சின்னங்களின் உச்சியில் முதலில் இருந்தது டியூடர் மகுடம். இரண்டாம் எலிசபெத் காலத்தில் நடு வளைந்து தாழ்ந்த செயின்ட் எட்வர்ட் மகுடம் வந்தது. 'அரசர் மகுடம் பழையது, அரசி மகுடம் பிந்தையது' என்ற விதி நெடுங்காலம் உதவிற்று. 2022-ல் அரியணை ஏறிய மூன்றாம் சார்லஸ் மீண்டும் டியூடர் மகுடத்தைத் தேர்ந்தபின், அந்த விதியைத் தனியே நம்புவதற்கில்லை.

இங்கே நம் ஊர் பற்றியும் ஒரு செய்தி உண்டு. போர் நிதி வழங்கியதற்காகச் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் படையணிகள் மூன்று: 79, 234, 264. அவற்றின் சின்னங்களில் முறையே தீக்கு அஞ்சாததாகச் சொல்லப்பட்ட சாலமாண்டர் பல்லி, நெருப்புமிழும் டிராகன், ஒரு தலைக்கவசம் ஆகியன உள்ளன. ஓவியத்தில் சென்னையைச் சுட்டும் அடையாளம் ஏதும் இல்லை. நம் மாகாணத்து மக்கள் கொடுத்த பணம் இச்சின்னங்களின் பின்னால் இருக்கிறது என்பதை அணியின் எண்ணும் அதன் ஆவணமும் மட்டுமே சொல்லும்.

ஆகவே வரிசை இப்படி அமைவது நலம். முதலில் பொருளும் தையலும் கூறும் காலம். அடுத்து அந்த ஆண்டில் அச்சின்னத்தை எந்த எண்ணுள்ள அணி தாங்கியது என்ற ஆவணம். பின்னர் அது யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற வழி. படம் கடைசியில். இவை ஒன்றோடொன்று பொருந்தாதபோது, பெயர் சூட்டாமல் விடுவதே நேர்மை. சிதைந்த ஓலையில் விடுபட்ட சொல்லைத் தம் ஊகத்தால் நிரப்பாமல் புள்ளியிட்டுப் பதிப்பித்த உ.வே.சா. காட்டிய நெறியும் அதுவே. பூனையைத் தைத்துக்கொண்டு பறந்தவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. தாம் எந்த அணி என்று அவர்கள் எழுந்து வந்து சொல்லப் போவதில்லை. நாம் எழுதும் குறிப்பே அவர்களின் சாசனமாக நிற்கும்.