ஸுஜூதிலிருந்து எழும் வேளையில்

ஸுஜூதை முடித்து நாம் நிலைக்கு வரும்போது உடலுக்குள் நிகழ்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. எழுந்து நின்ற சிறிது நேரத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் வயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைய, தமனிகளில் அழுத்தமும் சரிகிறது. அது அப்படியே சரிந்துகொண்டு போனால் மூளைக்கு இரத்தம் போதாமல் மயங்கி விழுவோம். ஆயினும் பெரும்பாலோர் விழுவதில்லை. சில நொடிகளில் அழுத்தம் மீண்டுவிடுகிறது. அதை மீட்பது எது என்பதை மனிதன் அறிந்துகொண்டதோ மிகவும் பிந்தித்தான்.

இரத்தத்தின் பாதையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் முதலில் இப்னு நஃபீஸின் பெயரைக் கூறுவர். அது முறையே. இப்னு ஸீனாவின் கானூனில் உள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் 1242-இல் எழுதிய உரையில், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் துளை ஏதும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று ஜாலீனூஸின் கருத்தை மறுத்தார். மறக்கப்பட்டிருந்த அவ்வுரையை 1924-இல் பெர்லினில் கண்டெடுத்தவர் முஹ்யித்தீன் தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர். ஆனால் இரத்த அழுத்தத்தையும் இப்னு நஃபீஸே கண்டறிந்தார் என்று சிலர் எழுதுவது சரியன்று. அவர் செய்தது தன்னளவிலேயே பெரிது. செய்யாததை அவர்மீது ஏற்றுவது அம்மேதைக்குச் செய்யும் மரியாதையாகாது.

அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். உயிருள்ள குதிரையொன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்திற்கு எழுந்தது. 1733-இல் இதை நூலாக வெளியிட்டார். அந்த வாயில்லா ஜீவன் பட்ட வேதனையை நினைக்க நமக்கு மனம் கூசுகிறது. பின்னர் வந்த ஆய்வுகளிலும் முயல்களும் நாய்களுமே துன்புற்றன.

அளந்தாயிற்று, ஆளுவது எது? 1866-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கார்ல் லுட்விக்கும் எலி சியோனும் முயலின் நரம்பொன்றைத் துண்டித்து, மூளையின் பக்கமிருந்த முனையைத் தூண்டினர். அழுத்தம் இறங்கியது, இதயமும் மெதுவாயிற்று. அழுத்தம் பற்றிய செய்தி மூளைக்குப் போகிறது, அங்கிருந்து கட்டளை திரும்புகிறது என்பதற்கு அது சான்றாயிற்று. கழுத்தை அழுத்தினால் நாடி தளர்வதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தனர். ஆனால் அங்கே ஓடும் நரம்பு நசுங்குவதே காரணம் என்று கருதியிருந்தனர். 1920-களில் ஹெரிங் என்னும் ஆய்வாளர் உண்மையைக் காட்டினார். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் சற்றே உப்பிய பகுதியின் சுவரிலேயே உணர்வு நரம்புகள் உள்ளன. அத்தமனிக்கு அரபு மொழியில் ‘ஸுபாத்’ என்ற சொல்லிலிருந்து பெயர் அமைந்துள்ளது. உறக்கத்தைப் பற்றி அந்நபா அத்தியாயத்தில் நாம் ஓதும் சொல்லே அது.

அழுத்தம் ஏறித் தமனிச் சுவர் விரிந்தால் அந்நரம்புகள் முகுளத்திற்கு விரைந்து செய்தி அனுப்புகின்றன; இதயம் நிதானிக்கிறது, குழாய்கள் தளர்கின்றன. நாம் எழுந்து நிற்கையில் சுவரின் விரிவு குறைகிறது, செய்தியும் குறைகிறது. உடனே இதயம் விரைகிறது, குழாய்கள் இறுகுகின்றன.

இது நொடிக்கணக்கு. நாள்கணக்கில் அழுத்தத்தை நிர்ணயிப்பவை சிறுநீரகங்கள்: உப்பையும் நீரையும் எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு வெளியேற்றுவது என்பது அவற்றின் பொறுப்பு. முயலின் சிறுநீரகச் சாற்றில் அழுத்தத்தை ஏற்றும் பொருள் உண்டென்று 1898-இல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் கண்டு, அதற்கு ரெனின் என்று பெயரிட்டனர். எவரும் பொருட்படுத்தவில்லை. 1934-இல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி, நீடித்த உயர் அழுத்தத்தை உண்டாக்கிய பிறகே அப்பழைய கண்டுபிடிப்பை உலகம் திரும்பிப் பார்த்தது.

இத்தனை காவல் இருந்தும் நம் வீடுகளில் ஏன் இவ்வளவு பேருக்கு இரத்தக் கொதிப்பு? எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்பார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 1956-இல் மெக்கப்பின், கிரீன், பேஜ் ஆகிய மூவரும் நீடித்த உயர் அழுத்தமுள்ள நாய்களின் கழுத்து நரம்புகளை ஆராய்ந்தனர். அந்நரம்புகள் ஓயவில்லை, ஏறிவிட்ட அழுத்தத்தையே இயல்பானதென ஏற்று, அதையே காத்து நின்றன. அந்தப் பெரியவரின் உடலும் அவ்வாறே பழகியிருந்தது. ஒரு நாள் வலக்கை விழுந்து, பேச்சும் குழறிய பிறகே வீட்டார் அவரது அழுத்தத்தை மீண்டும் அளந்து பார்த்தனர்.