தொல்லை தந்த ஈரம்

1959 டிசம்பர் 29 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நிகழ்த்திய உரையில் இயற்பியலர் ரிச்சர்ட் ஃபைன்மன், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவின் எல்லாத் தொகுதிகளையும் ஒரு குண்டூசித் தலையில் எழுதிவிட முடியாதா என்று கேட்டார். 1985இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர் டாம் நியூமன், டிக்கன்ஸ் நாவலொன்றின் முதல் பக்கத்தை எலெக்ட்ரான் கற்றையால் 25,000 மடங்கு சுருக்கி எழுதி, ஃபைன்மன் அறிவித்திருந்த 1,000 டாலர் பரிசைப் பெற்றார்.

ஆனால் எலெக்ட்ரான் கற்றை வெற்றிடத்தில் வேலை செய்வது. டிஎன்ஏயையும் புரதத்தையும் அதைக்கொண்டு நேரடியாக எழுத முடியாது. கற்றை பட்டால் சிதையும். காய்ந்தால் பல புரதங்கள் உருக்குலையும். உயிர்ப்பொருளுக்கு ஈரம் வேண்டும்.

அந்த ஈரமோ வேறொரு கருவிக்குத் தலைவலியாக இருந்தது. 1986இல் அறிமுகமான அணுவிசை நுண்நோக்கி, கூரிய ஊசிமுனையால் ஒரு பரப்பைத் தடவி அதன் மேடுபள்ளங்களைப் படமாக்குவது. பார்வையற்றவர் விரலால் முகம் அறிவதைப் போல என்று சொல்லலாம். திறந்த காற்றில் இயக்கினால் முனைக்கும் பரப்புக்கும் நடுவே நீராவி திரண்டு நுண்ணிய நீர்ப்பாலம் ஒன்று உண்டாகும். அது முனையைப் பிடித்து இழுக்கும், படம் கெடும். அதை எப்படித் தவிர்ப்பது என்பதே பலருடைய கவலை.

சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்க்கின் குழுவினர் அந்தப் பாலத்தின் வழியாகவே மூலக்கூறுகளை இறக்கினார்கள். 1999 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. ஆக்டாடெக்கேன்தயால் என்ற சேர்மத்தை முனையில் பூசித் தங்கத்தின் மீது 30 நானோமீட்டர் அகலக் கோடுகள் இழுத்திருந்தார்கள். மைக்கூட்டில் தொட்டெழுதும் பழைய பேனாவின் பெயரையே இந்த முறைக்கும் வைத்தார்கள்: டிப்பென் நானோலித்தோகிராஃபி. ஃபைன்மன் உரையின் ஒரு பத்தியையும் அதனால் எழுதிப் பார்த்தார்கள், ஆய்வுக்கூடத்துக் குறும்பு.

2002இல் டிஎன்ஏயையும் புரதங்களையும் இந்த முறையில் வரிசையாகப் பதித்தார்கள். 2004இல் எச்ஐவியின் பி24 புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைப் புள்ளிகளாக அமைத்து, இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 50 பிரதிகளுக்கும் குறைவான வைரஸே இருந்தவர்களிடமும் அந்தப் புரதத்தைக் கண்டார்கள். இந்த நீண்ட கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். குண்டூசித் தலையில் புத்தகம் எழுதுவது சாமர்த்தியம். ஒளிந்திருக்கும் நோயைக் காட்டுவது வேறு.

ஒற்றை முனையால் எழுதுவது மெதுவான வேலை. ஆகவே 2006இல் 55,000 பேனாக்களைச் சேர்த்து ஓர் அணி செய்து, அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்திலுள்ள ஜெஃபர்சனின் முகத்தை ஒரே வீச்சில் அத்தனை தடவை வரைந்தார்கள். படம் பிரமாதம். ஆனால் எல்லாப் பேனாக்களிலும் ஒரே மை. நோயறியும் சில்லுக்கு வேண்டியது ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு புரதம். பக்கத்துப் பேனாவின் மை கலக்காமல் அத்தனை முனைகளையும் தனித்தனியே தோய்ப்பது பெரும்பாடாக இருந்தது. இந்த முறையை விற்பனைக்குக் கொண்டுவந்த நானோஇங்க் நிறுவனம் 2013இல் மூடப்பட்டது.