பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறது?

கோல சிலாங்கூர் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால் பழைய தோட்டங்களின் பட்டியல் கிடைத்துவிடும். புக்கிட் ரோத்தான் பாரு, ராஜா மூசா, கோல்ஃபீல்ட்ஸ், துவான் மீ, ஹோப்புல் எனப் பலவற்றிலும் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. லயங்கள் மறைந்த பிறகும் தோட்டத்தின் பெயரைப் பள்ளிதான் சுமக்கிறது. இதைச் சொல்லிக் கண்கலங்குவோர் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் ஒரு சொத்துத் தகராறுதான் தெரிகிறது.

மலாயாவில் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது என்று பள்ளிகளின் எல்லா நினைவு மலர்களும் எழுதும். புக்கிட் ரோத்தானுக்கு அது தூரத்து உறவு. தோட்டப் பள்ளியைப் பெற்றெடுத்தது தொழிலாளர் சட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. கல்விச் சட்டம் சொல்ல வேண்டியதைக் கூலிச் சட்டம் சொன்னது என்பதைக் கவனியுங்கள். குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் போல, ஆள் நிலைத்திருக்கச் செய்துதர வேண்டிய வசதிகளில் பள்ளியும் ஒன்று. கொட்டகைதான் பள்ளி, கிராணியோ கங்காணியோ வாத்தியார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் புல் பிடுங்கப் போவார்கள். சென்னை மாநிலத்தில் 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, அதைக் ‘குலக்கல்வி’ என்று சொல்லித் தமிழகம் கொதித்தது. மறு ஆண்டே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அங்கே ஓராண்டு தாங்காத ஏற்பாட்டை, இங்கே தோட்டம் எந்தத் திட்டமும் தீட்டாமல் பல்லாண்டுகள் நடத்தியது.

இந்தப் பின்னணியோடுதான் 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கையைப் படிக்க வேண்டும். மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாக உள்ள தேசியப் பள்ளிக்கு, தாய்மொழிப் பள்ளிகள் படிப்படியாக வழிவிட வேண்டும் என்றது அது. அதே ஆண்டு சீனப் பள்ளிகளை ஆராய்ந்த ஃபென்-வூ அறிக்கை, ஒற்றுமைக்கு ஒரே மாதிரியாக இருக்கத் தேவையில்லை என்று மறுத்தது. இந்தியர் தரப்பும் எதிர்த்தது. நம் மேடைகளில் பார்ன்ஸ் இன்றும் வில்லன்தான். ஆனால் அவருடைய கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன்: தனித்தனிப் பள்ளிகளில் வளரும் பிள்ளைகள் ஒரே நாட்டின் குடிமக்களாக எப்படி ஆவார்கள்? அவர் மருந்து கொடுத்த இடம்தான் தவறு. தோட்டத்துப் பிள்ளையைக் கட்டிப்போட்டது தமிழா, துரையின் வேலியா? அரசே கல்வியைக் கையில் வைத்துக்கொண்டால் மக்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவார்கள் என்று 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் அஞ்சினார். எங்கள் பிள்ளைகளை வார்த்த அச்சு அரசிடம் இருக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் இருந்தது.

1956இன் ரசாக் அறிக்கையும் மறு ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்விமுறைக்குள் சேர்த்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தமிழ்ப்பள்ளி போன்ற தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அந்தக் கத்தி அகற்றப்பட்டது. இதற்கிடையே தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் செய்த சேதம் பெரிது. சுதந்திரத்தின்போது 888 என்று சொல்லப்படும் பள்ளிகளில் இன்று 530க்கும் குறைவானவையே நிற்கின்றன. துண்டாடலுக்கு எதிராக, நிலத்தை நாமே வாங்குவோம் என்று 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிகளுக்காக அப்படி ஒருவர் கிளம்பவில்லை.

அண்மை வழக்குக்கு வருகிறேன். தாய்மொழிப் பள்ளிகள், மலாயைத் தேசிய மொழியாக்கும் அரசியலமைப்பின் 152ஆம் விதிக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. நாம் இனிப்பு வழங்கினோம். ஆனால் உயர்நீதிமன்றம் சொன்ன காரணத்தை எத்தனை பேர் படித்தோம்? இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் ஆகமாட்டா. ஆகவே அங்கே தமிழில் கற்பிப்பது ‘அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கான’ மொழிப் பயன்பாடு ஆகாது என்பதே அது.

நீதிமன்றத்தில் நம்மைக் காத்த அந்த வாதத்தின் மறுபக்கத்தைப் பள்ளி வாரியங்கள் நன்றாக அறியும். ஆசிரியர் சம்பளம் அரசுடையது. நிலம் தோட்டத்தினுடையதாகவோ வேறு தனியாருடையதாகவோ இருந்தால், அது ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி. கட்டடத்துக்கும் கூரைக்கும் வாரியத் தலைவர் விருந்து நடத்தி நிதி திரட்ட வேண்டும். தேர்தல் வந்தால் காசோலை வரும், படமெடுப்பார்கள். 2003 முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அதே பிள்ளைக்கு அரசு நிலத்தில் ஒரு பள்ளி தர அரசைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. பயிற்றுமொழிக்காக எழுபது ஆண்டு வாதாடினோம், தவறில்லை. நிலத்துக்காக அதில் பாதி மூச்சைக்கூடச் செலவிடவில்லை.

இந்த மலரைப் புரட்டும் முன்னாள் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் படித்த பள்ளியின் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று மாவட்ட நில அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்த மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு முந்தைய பக்கத்தில் அதை அச்சிடுங்கள்.