காயலின் சீன ஓடுகள்

முத்துக்குளித்துறையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இங்கிருந்து வெளியே போனவற்றைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள். முத்து போயிற்று, சங்கு போயிற்று என்பதில் நமக்கு ஒரு பெருமிதம். பதிலுக்கு வந்து இறங்கியதில் குதிரைகள் மட்டும் நினைவில் நிற்கின்றன. மார்க்கோ போலோ அவற்றைப் பற்றி எழுதிவைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வந்தவற்றில் மண்ணுக்குள் அழியாமல் கிடப்பது சீனப் பீங்கான்.

1870களில் கால்டுவெல் தாமிரபரணிக் கழிமுகத்தில் சீன ஓடுகளைக் கண்டெடுத்தார். போலோ சொன்ன காயல் துறைமுகம் பழையகாயல் பகுதியே என்று அவர் கொண்டதற்கு இந்த ஓடுகளும் சாட்சி. 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இதே மன்னார் வளைகுடாவின் வடக்கே, பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை முன்வைத்துத்தான் தென்னிந்திய-சீன வணிகத்தை மறுபரிசீலனை செய்தார்கள். ஓடுகளில் லுங்சுவான் சூளைகளின் பச்சைப் பாண்டம் முக்கியமானது. செலடன் என்று இதற்குப் பெயர்.

இந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? மேலே பூசிய கலவையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை இரும்பு ஆக்ஸைடு இருக்கும். சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் இரும்பு ஆக்ஸிஜனில் ஒரு பகுதியை இழந்து பச்சையாகிறது. காற்று தாராளமாகப் புகுந்தால் அதே பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ போய்விடும். தென் சுங் காலத்தில் லுங்சுவான் குயவர்கள் பூச்சில் சுண்ணாம்பைக் குறைத்துப் பொட்டாஷைக் கூட்டினார்கள். உருகினாலும் வழியாத கெட்டிப் பூச்சு கிடைத்தது. பலமுறை தடவ முடிந்தது. உள்ளே சிக்கிய நுண்குமிழிகள் ஒளியைச் சிதறடிக்க, பாண்டம் பச்சை மணிக்கல்போல் மங்கலாக ஒளிர்ந்தது.

இரும்பையும் காற்றையும் பற்றிய இந்த அறிவு நமக்கு அந்நியமானதல்ல. காயலுக்குப் பக்கத்திலுள்ள கொற்கையிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பாண்டத்தைப் பார்த்தால் தெரியும். காற்றுப் பட்ட பகுதி சிவந்திருக்கிறது. காற்று மறுக்கப்பட்ட உட்புறமும் விளிம்பும் கரியேறிக் கறுத்திருக்கின்றன. லுங்சுவானுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் குயவன் நெருப்புக்குக் காற்றைக் கொடுக்கவும் மறுக்கவும் அறிந்திருந்தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

உஷ்ணத்தில். சீனாவில் பூச்சு முதலில் யாரும் திட்டமிட்டதாக இருந்திராது. விறகின் சாம்பல் பானைமேல் விழுந்தது. 1200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சாம்பலிலிருந்த சுண்ணாம்பும் பொட்டாஷும் களிமண்ணின் மணற்சத்தோடு உருகிக் கண்ணாடியாயின. நம் சூளை பெரும்பாலும் 700-லிருந்து 900 டிகிரிக்குள் எரிந்தது. அங்கே சாம்பல் சாம்பலாகவே இருந்தது. இன்னும் மூட்டியிருக்கலாமே என்றால், இரும்பு மிகுந்த ஆற்று வண்டல் அந்த உஷ்ணத்தில் நிற்காது; பானை உருக்குலைந்துவிடும்.

மொழியும் இதையே சொல்கிறது. மெருகு என்ற சொல் நம்மிடம் உண்டு. சுடுமுன் பானையைக் கூழாங்கல்லால் தேய்த்து ஏற்றும் பளபளப்பு அது, கையுழைப்பின் பளபளப்பு. உருகிப் படிந்த கண்ணாடித் தோலுக்கு நம் குயவன் தொழிலில் சொல் பிறக்கவில்லை, தேவையும் இல்லை. பாண்டத்துக்கோ பெயர் வந்தது: பீங்கான். அது பாரசீகச் சொல். சரக்கு சீனாவுடையது, பெயர் இந்தக் கடலில் வணிகம் செய்த முஸ்லிம்களின் வழி வந்தது.

வணிகத்தோடு தொழிலறிவு பயணம் செய்யாது என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. யுவான் காலத்து நீலவெள்ளைப் பாண்டத்தில் நீலத்தைத் தந்த கோபால்ட் மேற்கே பாரசீகத்திலிருந்து சிங்டெசென் சூளைகளுக்குப் போயிற்று. அங்கே அதை ஏற்கும் மண்ணும் நெருப்பும் தயாராக இருந்தன. தீட்டப்பட்டுச் சுடப்பட்டு அதே கடல்வழியே மேற்கே திரும்பியது. சில ஓடுகள் பெரியபட்டினத்தில் தங்கின. நம் கரையில் ஏற்றுக்கொள்ளச் சூளை இல்லை, வாங்கிக்கொள்ள வீடு இருந்தது. 1281-இல் குப்லாய் கானின் தூதர் யாங் திங்பி இந்த மாபார் கரையில் இறங்கியபோது அரசர்கள் பேசியதும் இந்தச் சரக்குகளின் உலகத்துக்குள்தான். குயவர் அதில் இடம்பெறவில்லை.

கடல்வணிகம் என்றாலே கலாச்சாரப் பரிமாற்றம் என்று எழுதிவிடும் சுலபம் நம் சரித்திரக் கட்டுரைகளில் இருக்கிறது. காயலின் ஓடுகள் அந்த வார்த்தையை இன்னும் கறாராகப் பயன்படுத்தச் சொல்கின்றன. சீனத் தட்டில் சோறு உண்ட வீட்டிலும் அந்தச் சோறு உள்ளூர் மண்பானையில்தான் வெந்தது. இரண்டு ஓடுகளும் ஒரே குப்பைமேட்டில் கிடக்கின்றன. பச்சை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு சிவப்பு ஓட்டை அங்கேயே விட்டுவருகிறவரை, இந்தக் கரையின் சரித்திரம் பாதிதான் கைக்கு வரும்.