ஆவடிக்கு எந்தக் கணக்கு?

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. மார்ச்சில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சட்டகத்தை வரைந்து கொடுத்தார் பி.சி. மகலனோபிஸ். இயற்பியல் பேராசிரியர், 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1950இல் பிறந்த தேசிய மாதிரி ஆய்வும், மறு ஆண்டு வந்த மத்தியப் புள்ளியியல் அமைப்பும் அவர் மூளையில் உதித்தவை.

அதே காலத்தில் டில்லியில் இன்னொருவர் இருந்தார்: ஆர்.ஏ. கோபாலசுவாமி, ஐ.சி.எஸ். அதுவரை சென்சஸ் அலுவலகம் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடும். அறிக்கை அச்சானதும் கலைந்துவிடும். 1949இல் அது நிரந்தரமானது. அவர் தலைமையில் 1951 கணக்கெடுப்பு நடந்தது. பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராகி, கருத்தடைக்கு ஊக்கத்தொகை கொடுக்க வைத்தார். எண்ணியவரே எண்ணிக்கையைக் குறைக்கவும் முனைந்தார்!

சில ஆயிரம் வீடுகளை முறையாகப் பொறுக்கி விசாரித்தால் நாட்டின் செலவும் வேலையின்மையும் தெரிந்துவிடும் என்பது மகலனோபிஸ் வழி. செலவு குறைவு, கேள்விகளும் ஆழமானவை. ஆனால் அதில் தமிழ்நாடு தெரியும், சென்னைப் புறநகரான பட்டாபிராம் தெரியாது. கொரட்டூரில் எத்தனை பேர், பூந்தமல்லியில் எத்தனை வீடு என்பதற்கு வாசல் வாசலாக ஏறி இறங்கும் சென்சஸ்தான் கதி. மாதிரி ஆய்வின் விடையை மொத்த மக்களுக்குப் பெருக்கவும் அந்த எண்ணிக்கையே அடித்தளம்.

புள்ளியியல் அமைச்சகம் 2019இல் மாதிரி ஆய்வு, மத்தியப் புள்ளியியல் ஆகிய இரு அமைப்புகளையும் தேசியப் புள்ளியியல் அலுவலகமாக இணைத்தது. அதே ஆண்டு, வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அறிக்கை தாமதமானதை ஒட்டிப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் விலகினர். நேருவின் காதுக்கு எட்டிய மகலனோபிஸ் குரல் இன்று அங்கே யாருக்கும் இல்லை.

சென்சஸின் நிலை இன்னும் மோசம். 1881 முதல், போர்க்காலமான 1941இலும்கூட விடாமல் நடந்தது, 2021இல் நின்றது. 2011 கணக்கில் அம்பத்தூர் 4.66 லட்சம் பேர் கொண்ட தனி நகராட்சி. அந்த அக்டோபரிலேயே அது சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. அன்று 3.46 லட்சம் பேரோடு நகராட்சியாக இருந்த ஆவடி, 2019இல் மாநகராட்சியானது. பழைய எண்ணை வைத்தே புது ஊருக்குக் குடிநீரும் பேருந்தும் திட்டமிடுகிறோம்.

புகழ் மகலனோபிஸுக்கு, அவர் பிறந்த ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாள். புறநகர்வாசிக்கு உதவுவது கோபாலசுவாமி நடத்திய அலுவலகம். அடுத்த சென்சஸின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் வரும்போது மாடி போர்ஷன்காரரையும், அம்பத்தூர் எஸ்டேட் அறைகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிகளையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.