ஃபராங்: வெள்ளையரும் கொய்யாவும்

தாய்லாந்துச் சந்தையில் ‘ஃபராங்’ என்று கேட்டால் கொய்யா கிடைக்கும். தெருவில் அதே சொல் வெள்ளைக்காரரைக் குறிக்கும். கொய்யா தின்னும் வெள்ளையரைக் கண்டால் ‘ஃபராங் ஃபராங்கைத் தின்கிறான்’ என்று சொல்லிச் சிரிப்பது அங்கே பழகிப்போன கேலி. இவை ஒலியில் மட்டும் ஒத்துப்போன இரு சொற்களா, ஒரே சொல்லின் இரு பொருள்களா? ஒரே சொல்தான், ஆளைக் குறித்தது முந்தியது, பழம் பிந்தியது என்பதே என் கட்சி.

பிரான்சுக்குத் தாய்லாந்து மொழியில் ‘ஃபராங்செட்’ என்று பெயர். அதன் வாலை நறுக்கியதே ஃபராங் என்பார் பலர். காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் 1511இலேயே சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகரான அயுத்தயாவுக்கு வந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பாதிரிமார் வந்தது 1662இல், பதினான்காம் லூயியின் தூதர் வந்தது 1685இல். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டு அந்த வெள்ளையரைச் சுட்ட ஒரு சொல் இல்லாமலா இருந்திருக்கும்? அண்டைமொழிகளையும் பார்க்க வேண்டும். சிலுவைப்போர்க் காலத்தில் மேலை ஐரோப்பியர் அனைவரையும் அரபியர் ‘பிராங்க்’ இனத்தின் பெயராலேயே அழைத்தனர். பாரசீகத்தில் அது ஃபரங் ஆயிற்று. மலாயில் ஃபெரிங்கி, தமிழில் பரங்கி, கெமர் மொழியில் பராங். நம் பரங்கிப்பேட்டையும் பரங்கிமலையும் போர்ச்சுக்கீசியரை நினைவூட்டுபவையே அன்றிப் பிரெஞ்சுக்காரரை அல்ல. தமிழ் வணிகர் வழியே அது சயாமுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். தமிழ் வாயில் ‘ஃப’ ‘ப’வாகிவிடும், சயாமியர் வாயிலோ ‘ஃப’ அப்படியே நிற்கிறது. அயுத்தயாவின் அரசவை வரை செல்வாக்கோடிருந்த பாரசீக வணிகரிடமிருந்து நேரே வந்தது என்று கொள்வதே பொருத்தம். பிரான்சின் பெயரும் அதே பிராங்க் இனத்திலிருந்து பிறந்ததால், ஃபராங்செட்டை இதன் பங்காளி எனலாம், தாய் எனலாகாது.

கொய்யா அமெரிக்க மண்ணின் மரம். ஆசியாவுக்குக் கப்பலேற்றியவர்கள் ஸ்பானியரும் போர்ச்சுக்கீசியருமான ஐபீரியர்கள். கொண்டுவந்தவர் பெயரே பழத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பதற்குத் தாய்லாந்து மொழியிலேயே சான்றுகள் கிடைக்கின்றன. உருளைக்கிழங்கு ‘மன் ஃபராங்’, அதாவது வெள்ளையர் கிழங்கு. தண்ணீர்விட்டானின் மேலைநாட்டு உறவான ஆஸ்பராகஸ் வெள்ளையரின் மூங்கில்குருத்து. மெல்லும் சூயிங்கம் வெள்ளையரின் பாக்கு! இவற்றில் முன்னே ஒரு பொதுப்பெயர் நிற்க, கொய்யாவில் மட்டும் அடைமொழியே பெயராகிவிட்டதே என்பது நியாயமான ஆட்சேபம். வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதி மக்கள் இதற்கு விடை தருகிறார்கள். அவர்கள் பேச்சில் கொய்யா ‘பக் சீடா’. விளையாட்டாக வெள்ளையரையும் அப்படியே அழைப்பார்கள். இரு பொருளையும் ஒன்றாகவே உணர்ந்தவர்களுக்குத்தான் இப்படி மாற்றிச் சொல்ல வரும். தமிழில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே: அமெரிக்காவிலிருந்து வந்த பூசணி வகை பரங்கிக்காய் ஆயிற்று, ‘காய்’ உதிர்ந்து வெறும் ‘பரங்கி’யும் ஆயிற்று. கொய்யாவுக்கு மட்டும் நாம் போர்ச்சுக்கீசியரின் ‘கொய்யாபா’வையே எடுத்துக்கொண்டோம்.

ஃபராங் என்பது வசைச்சொல் என்று சில வெள்ளையர் முகம் சுளிப்பதுண்டு. வசை அதில் இல்லை. ‘ஃபராங் கீ நோக்’ என்று பறவை எச்சத்தைச் சேர்த்தால்தான் வசை. அதுவும் முதலில் ஒரு சிறு கொய்யா வகையின் பெயர், பிறகே கந்தல் வெள்ளையரின் பட்டம். அயல்நாட்டார் எல்லோரும் ஃபராங் ஆவதுமில்லை. இந்தியர், அரபியர், மலாய்க்காரர் அனைவருக்கும் அங்கே ‘கேக்’ என்று வேறு சொல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் அதுவே பெயர்.